மறைத்து வைத்த சுவிட்ச்

எலிசபெத் நகரின் கால்பந்து மைதானத்துப் புல்வெளி. ஞாயிறு காலை எட்டு மணிக்கே நாற்பது பழைய வண்டிகள் பானெட்டைத் திறந்தபடி வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று என் டொரானா கார், 1972 மாடல். ஆறு வருடம் நானே பிரித்துப் பூட்டியது. இரண்டே மாதத்தில் எங்கள் பழைய கார் கிளப்பில் மூன்று வண்டிகள் திருட்டுப் போயின. அதனால் எஞ்சினுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்க ஒரு சுவிட்சை ஒளித்து வைத்தேன். எனக்கும் அண்ணன் டாரனுக்கும் மட்டும்தான் தெரியும். வண்டி நிற்பது அவன் ஷெட்டில்.

காபி வாங்கித் திரும்பும்போது டாரனின் குரல் கேட்டது.

"ஆஷ்ட்ரேயை இழு மச்சி. உள்ள விரலை விடு. ஆங், அதான்! ஒரு திருடனும் கண்டுபிடிக்க மாட்டான். தங்கச்சி வேலை."

தொப்பிக்காரன் ஒருவன் காருக்குள் குனிந்திருந்தான். "கில்லாடிதான். வண்டி எங்க நிக்குது?"

"நம்ம ஷெட்லதான். மில் தெரு, பச்சை கேட்டு."

தொப்பிக்காரன் நகர்ந்ததும் டாரனிடம் போனேன்.

"உனக்குக் கிறுக்கா டாரன்?"

"ஏன்டி கத்துற? பானெட்டைத் திறந்துட்டா கேக்குறதுக்குப் பதில் சொல்லணும். இங்க எல்லாரும் அப்படித்தானே?"

"அந்தத் தொப்பிக்காரன் வண்டி எங்க?"

டாரன் வரிசையைப் பார்த்தான். "ரிப்பேர்ல கிடக்கும். உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்."

அன்று ஷெட்டில் அவன் பார்பெக்யூ அடுப்பைப் பற்றவைக்கப் போனதும், எஞ்சினில் மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தேன். உள்ளே சுழலும் சின்ன ரோட்டரை உருவி எடுத்துக்கொண்டேன். அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. அவனிடம் சொல்லவில்லை.

செவ்வாய் மதியம் நான் வேலை செய்யும் ஆய்வகத்துக்கு அவன் போன் வந்தது. ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பக்கக் கண்ணாடி தூளாகியிருந்தது. ஆஷ்ட்ரே தரையில் கிடந்தது. சுவிட்ச் போடப்பட்டிருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயர்களைப் பிய்த்திருந்தார்கள். கிளம்பாததால் விட்டுப் போயிருக்கிறார்கள்.

"மூடியைத் திறந்து பார்த்தேன். ரோட்டரைக் காணோம். மூளைடி உனக்கு!" டாரன் என் தோளில் தட்டினான். "கிளப்போட ஆன்லைன் பக்கத்துல போட்டோவோட போட்டுட்டேன். தொண்ணூறு லைக்."

"என்னனு போட்ட?"

"ரோட்டரைக் கழட்டினா திருட முடியாதுன்னு."

"அப்ப அடுத்த தடவை கையோட ஒரு ரோட்டர் கொண்டு வருவான்!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நீ திருடனுக்குப் பாடம் எடுக்குறியா? ஆறு வருஷம்டா!"

"பெருமையாச் சொன்னேன்டி. அது தப்பா?"

நான் இழுவை வண்டிக்குப் போன் செய்தேன். அரை மணியில் வந்தது. டொரானாவைச் சங்கிலியால் கட்டிய ஓட்டுநர், "எங்க கொண்டு போகணும்மா?" என்றார்.

டாரன் பக்கத்தில் வந்து நின்றான்.

வாய்விட்டுச் சொல்லாமல் ஓட்டுநரின் கைபேசியை வாங்கி, முகவரியைத் தட்டிக் கொடுத்தேன்.

"எந்த இடம்டி?" என்றான் டாரன். "நான் உன் அண்ணன்."

இழுவை வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்தி, ஓட்டுநரிடம் கிளம்பச் சொன்னேன்.