ஹம்ப் பக்கத்து ஜன்னல்

லிங்கராஜபுரத்துல ரெமிஜியஸ் வீட்டு வாசலுக்கு நேரா ரோட்டுல வண்டி வேகத்தக் கொறைக்க ஒரு ஹம்ப் இருக்கு. சும்மா வந்தது இல்ல. மேட்டுல இருந்து பஸ்ஸுங்க பறந்து வரும். ஸ்கூல் விட்டு வந்த ஒரு சின்னப் பொண்ணு கால் ஒடஞ்சு கெடந்தா. அப்புறம் ரெமிஜியஸ்தான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு அதப் போட வெச்சாரு. இப்பவும் சுண்ணாம்பு கரைச்சு அவரே கோடு அடிப்பாரு. "என்ன ரெமி, மூத்த புள்ளைக்குப் பவுடரா?"ன்னு தெருவே கிண்டல் பண்ணும்.

அவரு பொண்ணு ஆஞ்சலா ஒம்போதாவது படிக்கறா. அவ இப்பல்லாம் அந்த ஹம்பப் பாக்காமலே தாண்டிப் போறா.

தம்பி டிரேவருக்கு வீசிங். மூச்சு முட்டுறவனுக்குக் காத்து வேணும்னு மம்மி பிரிஜெட் அவன் கட்டில ரோட்டு ஜன்னல்கிட்டயே போட்டிருந்தா. ஜன்னல மூடவே விடமாட்டா. ஜன்னல் கட்டைய ஈரத்துணியால தொடைக்கறது ஆஞ்சலா வேலை. எப்பத் தொடைச்சாலும் கருப்புதான். "பஸ் பொகைடீ"ன்னு மம்மி சொல்லிட்டா. அவளும் அப்படித்தான் நெனச்சா.

அன்னிக்கு டிரேவர் பழைய ஸ்பீக்கர் காந்தத்த ஜன்னல் கட்டைல உருட்டி வெளையாடினான். ஆஞ்சலா அத வாங்கிப் பாத்தா, மீசை மொளச்ச மாதிரி கருப்பா ஒட்டிட்டு இருக்கு. பொகை காந்தத்துல ஒட்டுமா? யோசிக்கறப்பவே ஒரு பஸ் ஹம்ப்கிட்ட கீச்சுன்னு நின்னுச்சு. அவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா. வர்ற பஸ் எல்லாம் இங்கதானே பிரேக்கத் தேய்க்குது? தேஞ்ச இரும்பு எங்க போகும்?

டிரேவர் வாயத் தொறந்துட்டுத் தூங்குவான்.

டாடிகிட்ட எப்படிச் சொல்றது? ஒடஞ்சு போயிடுவாரு. இல்ல, ஹம்பையே எடுக்கச் சொல்லிட்டார்னா? இன்னொரு பொண்ணு அடிபடுவா. நெனச்சு நெனச்சுத் தூக்கமே போச்சு.

சனிக்கெழம சாயங்காலம் அவரு பக்கெட்ல சுண்ணாம்பு கரைச்சிட்டு இருந்தாரு. பக்கத்துல போயி குந்தினா.

"டாடி, கோவப்படக் கூடாது."

"கணக்குல ஃபெயிலா?"

"அதெல்லாம் இல்ல." காந்தத்த அவரு கைல வெச்சா.

"என்னம்மா இது, எலி முடியா?"

"டிரேவர் ஜன்னல்ல இருந்துச்சு. ஹம்ப்ல பஸ்ஸுங்க பிரேக் போடுதில்ல, அந்தத் தூளு. அவன் நெஞ்சுக்குள்ளயும் போகுது டாடி. ஆனா ஹம்ப எடுத்துட்டா..." அழுதுட்டா.

அவரு காந்தத்தத் தொடைச்சிட்டு உள்ள போயி, அவரே ஜன்னல் கட்டைல தேச்சுப் பாத்தாரு. திரும்பவும் மீசை.

"பிரிஜெட், கட்டில அந்தப் பக்கம் புடி. பின் ரூமுக்குப் போகட்டும்."

"அங்க காத்தே வராதுங்க!"

"பின்கதவத் தொறந்து வை. இந்த ஜன்னல சாத்து."

"அங்கிருந்து பஸ்ஸே தெரியாது!"ன்னு டிரேவர் கத்தினான். யாரும் கேக்கல.

அப்புறம் வெளிய வந்து, எப்பவும் போல ஹம்புக்குக் கோடு அடிச்சு முடிச்சாரு. சுண்ணாம்புக் கையோட காந்தத்த எடுத்தாரு.

"வாம்மா."

"எங்க டாடி?"

பக்கத்து வீட்டு வனஜா கைக்கொழந்தைக்காரி. தொட்டில ரோட்டு ஜன்னல் ஓரமாத்தான் கட்டியிருந்தா, காத்து வரட்டும்னு. ரெமிஜியஸ் அந்தக் கதவத் தட்டிட்டு, காந்தத்த ஆஞ்சலா கைல குடுத்தாரு.

"எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு. அழாம."