சம்பங்கி மாலை விழுந்த படம்

உலகப்போர் முடிந்து ஐம்பதாம் வருஷம். ராமாமணி டீச்சருக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்கள் யூதர்களை அடைத்துவைத்துக் கொன்ற முகாம் ஒன்று இப்போது நினைவிடமாக இருக்கிறது. அங்கே பயிற்சிக்குப் போய்வந்தவள். கிளம்பும்போது பெரிய பெரிய போட்டோக்களைக் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளைகளுக்கு உள்ளது உள்ளபடி சொல்லிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். அது பிசகினால் செத்தவர்களுக்கே துரோகம் என்பது அவள் நினைப்பு.

அந்தப் படங்களின் கண்காட்சிக்குப் பல்லடத்தில் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டவர் மில் முதலாளி திருமலைசாமி. தங்கமான மனுஷர்தான், சும்மா இருக்கத்தான் தெரியாது. செத்தவர்கள் படத்தை மாலை போடாமல் வைப்பதாவது என்று சம்பங்கி மாலைகளை வரவழைத்து, டீச்சர் வருவதற்குள் தன் கையாலேயே போட்டுவிட்டார்.

முந்தின நாள் மாட்டிவைத்த படங்களுக்கு விளக்க அட்டைகளை ஒட்டலாமென்று காலையில் வந்தவளுக்குப் பகீரென்றது. மொட்டைத் தலையும் கோடுபோட்ட சட்டையுமாக நின்றவர்களுக்கு ஒரு பூகூட இல்லை. அத்தனை மாலையும் ஒரே படத்தில். முகாம் அதிகாரிகள் லீவு நாளில் பழம் தின்றுகொண்டு சிரிக்கிற படம் அது. நெற்றிக்கு நெற்றி சந்தனப் பொட்டு வேறு.

கேட்டால், கோடுபோட்டவர்கள் ஜெயில் கைதிகள், இந்த நல்ல குடும்பத்து ஆட்களைக் கொன்ற பாவிகள் என்று நினைத்தாராம். பெரிய மனுஷரிடம் எப்படிச் சொல்வது? கோபம் வந்து மண்டபத்தைப் பூட்டிவிட்டால் எல்லாம் போச்சு. வாசலில் பள்ளிக்கூட வேன் வந்து நின்றுவிட்டது.

"ஏனுங்க, கொன்னவங்களே இவங்கதானுங்க" என்றாள்.

முதலாளிக்கு முகம் செத்துவிட்டது. மாலையை எடுக்கப் போனவளைத் தடுத்து, பிள்ளைகள் வரட்டும் என்றார். எல்லாரும் வந்து நின்றதும் பேசினார்.

"கண்ணுகளா, இதுக்கு மாலை போட்டது நானுங்க. துணிமணியையும் சிரிப்பையும் பார்த்து நல்லவங்கன்னு நம்பிப்போட்டேன். நீங்க ஏமாந்துபோடாதீங்க."

மாலைகளைக் கழற்றினார். டீச்சர் வாங்கக் கை நீட்டினாள். கொன்றவர்கள் மேல் கிடந்த பூ செத்தவர்களுக்கு வேண்டாம் என்று குப்பையில் போட்டுவிட்டு, புதுப் பூவுக்குக் கார் அனுப்பினார். அது வரும்வரை அந்த மொட்டைத் தலைகளுக்கு முன்னால் நின்றார். மில்லில் அவர் முன்னால் ஆட்கள் நிற்பார்களே, அதே மாதிரி, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.