ஒரே தேதியில் இரண்டு வெளிச்சம்

கருமுட்டை எடுக்க மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்த அன்று மாலையே அந்த வீட்டு மருமகள்கள் இருவரின் அடிவயிறும் ஒளிவிடத் தொடங்கியது. மாத்திரை கொடுத்து மாதவிலக்குக் கணக்கைத் தள்ளிவைத்து, முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவது அந்த மருத்துவமனையின் வழக்கம். இருவருக்கும் ஒரே தேதியைக் கேட்டு வாங்கியவர் மாமனார். ஒரே கார், ஒரே பயணம். அக்கம்பக்கத்தார் கேட்டால் சொல்லவும் ஒரே பதில். மானமாக வாழ்கிற குடும்பம் அப்படித்தான் செய்யும். ஆனால் இரண்டு வயிற்றையும் ஒரே கூடத்தில் அருகருகே பார்க்க நேரும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டார்கள். முட்டை ஒன்றுக்கு ஒரு பொட்டு வெளிச்சம். தையல் வேலை செய்யும் மூத்தவளுக்கு இரண்டே பொட்டு. அவளுக்குப் பல வருடம் கழித்து வந்த இளையவளுக்கோ எண்ணி மாளவில்லை. போர்வை சுற்றினாலும் கூடம் பளிச்சென்றிருந்தது. மாமியார் தன் கண்ணாடியையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு இளையவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊசி பிடித்த கை என்று வீட்டில் அவளைத்தான் ஊசி போடச் சொல்லியிருந்தார்கள். கடைசி ஊசியைக் குறித்த மணிக்குப் போடாவிட்டால் முட்டை முதிராது. வாங்கிய தேதியும் வீண். தனக்குப் போட்டுக்கொண்டவள், இளையவளின் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"என்னக்கா, நூல் கோக்குறீங்களா?"

"வாயை மூடிட்டுப் படு. கண்ணு கூசுது எனக்கு."

"அதுக்கு நான் என்ன பண்றது? ஊதியா அணைக்க முடியும்?"

மூத்தவள் இன்னும் நின்றாள். மணி நெருங்கியது. அப்போது தன் இரண்டு பொட்டில் ஒன்று எண்ணெய் வற்றிய விளக்குபோல மங்குவதைக் கண்டாள். நின்றாள். மற்றதும் மங்கியது. சட்டென்று குனிந்து ஊசியைப் போட்டாள். இரண்டும் தெளிந்தன. அதை நல்ல மனசு என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

குறித்த நாளில் முட்டை எடுத்தார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பெண் பிறந்தது. இப்போது மின்சாரம் போனால் அந்த வீட்டில் யாரும் மெழுகுவத்தி தேடுவதில்லை. குழந்தைகள் இருவரையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். மூத்தவள் மட்டும் தன் மகளைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைப்பாள்.