சுட்ட சட்டை

கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்த நீலச் சட்டையைக் காணோம். அக்கா வளைகாப்புக்கென்று சம்பந்தம் வாங்கி வைத்தது, ஒருமுறைகூடப் போடவில்லை. சீர்காழியிலிருந்து நசரத்பேட்டைக்கு வந்து, இந்த மூன்று பேர் அறையில் இப்போதுதான் சேர்ந்திருந்த அவன், "என் சட்டை எங்கடா?" என்றான்.

கட்டிலில் கவிழ்ந்து கிடந்த ஜெபா தலையைக்கூடத் தூக்கவில்லை. "முஸ்தகீம் சுட்டுகினு போயிருப்பான். பொண்ணு பாக்கப் போயிருக்கான்ல."

"திருடிட்டுப் போயிட்டான்னு சொல்லு."

"மாமே, சுடுறது வேற. சுட்டது தொவைச்சு வரும். ஆட்டையப் போட்டா பொருள் வராது, ஆனா ஆளு வந்து டீ வாங்கிக் குடுப்பான். திருட்டுல ரெண்டுமே வராது."

சம்பந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலில் கிடந்த செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு தடதடவென்று இறங்கிப்போய், வீட்டுக்காரர் கஜபதியிடம் சொல்லிவிட்டான்: "சார், எங்க ரூம்ல திருட்டு. முஸ்தகீம் என் நீலச் சட்டைய எடுத்துட்டுப் போயிட்டான்."

கஜபதியிடம் சொல்லக்கூடாத சொல் அது. போன வருஷம் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரையே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அன்றிலிருந்து, திருட்டு என்று பேச்சு வந்தால் ஆள் அன்றைக்கே காலி. கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முஸ்தகீம் நீலச் சட்டையோடு, வாயெல்லாம் பல்லாக வந்தான். "மச்சான், ஓகே சொல்ட்டாங்கோ! உன் சட்டை ராசிடா!"

"சட்டையக் கயட்டு. அப்படியே பெட்டியக் கட்டு" என்றார் கஜபதி. "என் ஊட்ல திருடனுக்கு எடம் கெடையாது."

முஸ்தகீம் அவரைப் பார்க்கவில்லை. சம்பந்தத்தைப் பார்த்தான். "திருடன்னா சொன்னே?"

அண்ணன் கல்யாணமானதும் பூந்தமல்லி வீட்டில் படுக்க இடமில்லாமல்தான் அவன் இங்கே வந்திருந்தான். இதுவும் போனால் பெண் வீட்டுக்கு எந்த விலாசத்தைச் சொல்வான்? பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான்.

சம்பந்தம் தலையைக் குனிந்தான். காலில் முஸ்தகீமின் தோல் செருப்பு. வந்த நாளிலிருந்து டீக்கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அதுதான். கேட்டு எடுத்ததே இல்லை.

"சார், இது அவன் செருப்பு."

"அதுக்கு?"

"நானும் கேக்காமத்தான் எடுத்தேன். திருட்டுன்னு நான் சொன்னது தப்பு. அவன் சும்மா சுட்டான், அவ்ளோதான்."

கஜபதி முஸ்தகீமின் காலைப் பார்த்தார். "அப்ப இந்த ஷூ?"

"அது என்துதான் அங்கிள்" என்று மாடிப்படியிலிருந்து ஜெபா குரல் கொடுத்தான். வேடிக்கை பார்க்க வந்திருந்தான்.

அண்ணாந்து பார்த்த கஜபதி, அவன் இடுப்பிலேயே கண்ணை நிறுத்தினார். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி. போன வாரம் மொட்டைமாடிக் கொடியிலிருந்து காணாமல் போனது.

"டேய், அது என்துடா!"

"சுட்டது அங்கிள். தொவைச்சுத் தந்துடறேன்."

கஜபதி நாற்காலியை மடக்கினார். "நாளைக்குள்ள வரணும். வரலன்னா அதான் திருட்டு. மூணு பேரும் காலி."

முஸ்தகீம் கழற்றிய பொத்தான்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டுக்கொண்டான். "ஒரு போட்டோ எடுத்துக்கறேன்டா" என்றான் சம்பந்தத்திடம். "அப்புறம் தொவைச்சிடறேன்."