மரம் என்றால் திரி

"சோறுன்னு சொன்னா என்னக்கா ஞாபகம் வருது? யோசிக்காம சொல்லுங்க."

"கொழம்பு, தட்டு, பசி."

முருகம்மாள் சொன்னதைக் கேட்டு, கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அனுப்பிரியா சிரித்தாள். விருதுநகரிலிருந்து வந்த பெண். பட்டாசு வேலைக்காரர்களின் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறாளாம். ஃபேன் இரைச்சலில் ஒரு சொல் சரியாகக் கேட்காவிட்டாலும், எந்தச் சொல்லோடு எந்தச் சொல் வரும் என்று தெரிந்தால் அது ஊகித்து எழுதிவிடுமாம். பட்டாசு ஆலை முதலாளி ஆபீஸ் ரூமைக் கொடுத்திருந்தார். இன்றைக்குக் கூடவே போர்மேன் தனுஷ்கோடியையும் உட்கார வைத்திருந்தார்.

அவன் இருப்பதால் முருகம்மாள் வாயை அளந்தே திறந்தாள். மகள் சினேகாவை, பொறி பட்டால் வெடிக்கும் மருந்து செலுத்தும் ரூமுக்கு அனுப்பாமல் வெடிக்குத் திரி வைக்க விட்டிருப்பது அவன் தயவு. ரூமுக்கு நாலு பேர்தான் என்பது சட்டம். சீசனில் மிச்சப் பேர் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திரி வைப்பார்கள். அது சட்டவிரோதம்; வெளியாளிடம் அதைப் பேசினால் தொலைந்தது.

"மரம்?"

"வேம்பு, நெழலு, திரி."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஓரக்கண்ணால் பார்த்தாள். தனுஷ்கோடி போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஃபேன் சத்தத்தில் கேட்டிருக்காது. கேட்டிருக்கக் கூடாது.

"இங்க பாருங்கக்கா!" அனுப்பிரியா ஸ்கிரீனைத் திருப்பினாள். "கடைசிச் சொல்லு எனக்கே கேக்கல, இது கரெக்டா எழுதிருச்சு. நேத்து வந்த பத்தொம்பது பேரும் மரம்னதும் திரின்னுதான் சொன்னாங்க. அதான்."

தனுஷ்கோடி எழுந்து வந்து படித்தான்.

"அவுக பேரு இருக்காம்மா?"

"பேரு வாங்கல சார். நம்பர்தான்."

அவன் திரும்பினான். முருகம்மாள் முந்தியைக் கசக்கினாள். "அம்புட்டுப் பேரும் சொல்லிருக்காக, அண்ணாச்சி..."

"அவுக யாருன்னு எனக்குத் தெரியாதுல்லா. நீ என் கண்ணு முன்னால சொல்லிருக்க." குரலை உயர்த்தவில்லை. "மரத்தடி வேலை ஊருக்குச் சொல்ற அளவுக்கு வலிக்குதோ? சரி. உம் மக இன்னைக்கே மருந்து செலுத்துற ரூமுக்குப் போகட்டும்."

மேசை மேல் இருந்த மைக்கை யாரும் அணைக்கவில்லை. அவன் சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் ஸ்கிரீனில் விழுந்தது. வாசித்த அனுப்பிரியாவின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"இதை என்னத்துக்கு எழுதுது? அழிம்மா!" அவன் விரல் எதைத் தொடுவதென்று தெரியாமல் கீபோர்டின் மேல் அலைந்தது.

அதைப் பார்த்ததும் முருகம்மாளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. பயந்துபோன போர்மேன் அந்தப் பயத்தை யார் தலையில் இறக்குவான் என்று அவளுக்குத் தெரியும். வேப்பமரத்தைப் பார்த்து ஓடினாள்.

"ஏ சினேகா! கையில உள்ளத மெதுவா வையி. மெதுவா! எந்திரி, வீட்டுக்குப் போவோம்."

"ஏம்மா, செக்கிங் ஆபீசரா?"

அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான் தாமதம், மரத்தடியில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்து ஓடைப் பக்கம் தெறித்தார்கள். முருகம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்து, எதிர்த்திசையில் கேட்டை நோக்கி இழுத்தாள்.