பலகைக்கு அடியில் லூஷியஸ்

ஒஹாயோ ஆற்றங்கரையில் அடிமைகள் தப்பி வந்து ஒளிந்த வீடு இப்போது சின்ன அருங்காட்சியகம். அதன் சமையலறைத் தரைக்கு அடியிலிருந்த குழிக்குள் செங்கல் சூளைக்காரன் லூஷியஸ் இறங்கிப் படுத்தான்.

"நம்ம பூட்டன் இதுல மூச்சுக் காட்டாம கெடந்தாரு. எங்கிட்டருந்து ஒரு சத்தம் வந்தா நான் அவரு வம்சமே இல்லக்கா."

"உன் வாயா? பாத்துருவோம்டா."

அக்கா வெர்லீன் பலகையை மூடினாள். அடிமை பிடிக்க வந்தவனைப் போலத் தரையை உதைத்தாள், அதட்டினாள், கெட்ட வார்த்தையில் திட்டினாள். உள்ளே சத்தமே இல்லை. அவளுக்கே பெருமையாகிவிட்டது. ஆனாலும் விட மனசில்லாமல், அருங்காட்சியகம் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம், குழிக்குள் கேட்கும்படி சொன்னாள்:

"எங்கம்மா சோளரொட்டிக்குச் சர்க்கரை போடுவாங்க."

பலகை எகிறியது.

"ஏக்கா புளுகுற? சர்க்கரை போட்டா அது ரொட்டியா, கேக்கா?"

"பூட்டனப் புடிச்சுக் குடுத்துட்டியேடா பாவி! ஏறி வா."

"மொதல்ல சொல்லு. அம்மா போடமாட்டாங்கதானே?"