நிற்காமல் அணுபுரம் வரை

என் காருக்கு முப்பது வயது ஆகிறது. நிறம் வெள்ளை என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆறு மாதமாக அதற்கு ஒரு நோய். காலையில் நன்றாகக் கிளம்பும், நன்றாக ஓடும், இருபது கிலோமீட்டர் போனதும் இரண்டு தடவை உதறிவிட்டு நடு ரோட்டில் நின்றுவிடும். நான் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருக்கும். மூடிவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். மதுராந்தகத்தில் ஒருவன் பிளக்கை மாற்றினான். செங்கல்பட்டில் ஒருவன் கார்புரேட்டரைக் கழற்றி, சட்டி தேய்ப்பது போலத் தேய்த்து மாட்டினான். மாமல்லபுரத்தில் ஒருவன், வெள்ளைக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன், பெட்ரோல் பம்ப்பையே புதிதாகப் போட்டான். மூன்று பேரும் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் நிற்கவில்லை. வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று கடைசி ஆள் சொன்னான்.

நான் அவர்களை நம்பவில்லை. வண்டியை விடும் முன்பு மூடியைத் திறந்து, நீளமான விளக்குமாற்றுக் குச்சியை உள்ளே விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறி வைப்பேன். வாங்கும்போது மறுபடி விட்டுப் பார்ப்பேன். மெக்கானிக் என்றால் அரை லிட்டராவது உறிஞ்சாமல் விடமாட்டான். அதற்காகத்தான் ஆறு மாதத்துக்கு முன்பு மூடிக்குப் பூட்டே வாங்கிப் போட்டேன். சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி அடியில் வைத்தேன். மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் வழியாக பெட்ரோல் வாசனை வந்தது. குழாய்க்குப் பூசுகிற பசையை வைத்து அதையும் அடைத்தேன்.

போன மாதம் திருக்கழுக்குன்றத்தில் நாலு ரோடு சேரும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் இறங்கி வந்து தள்ளினார். காருக்குள் இருந்தவள் என் மகள் விஜயகுமாரி. பஸ்ஸில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவள் ஆபீஸ்காரர்கள். அன்றிலிருந்து காரைக் காயலான் கடைக்குப் போட வேண்டும் என்று ஒரே பிடி.

மருமகன் தீனதயாளனுக்கு, அணு ஆலைக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில், பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. பால் காய்ச்சி அறுபது பேருக்குச் சாப்பாடு போட ஏற்பாடு. சமையலுக்கு செங்கல்பட்டிலிருந்து உப்பிலி. கோயில் மடைப்பள்ளியில் வேலை செய்தவர், நாங்கள் சாமி என்போம். அவரையும் பாத்திரங்களையும் ஏற்றிவர வாடகை வண்டி அனுப்புவதாக மருமகன் சொன்னார். வாடகை வண்டிக்காரன் சுற்றி வளைத்து ஓட்டுவான், நானே எங்கள் ஊர் படாளத்திலிருந்து வரும் வழியில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். மகள் போனை வாங்கினாள்.

"நைனா, சாமிய ஏத்திகினு வழியில நிக்காம வந்துட்டா வண்டி உன்னுது. ஒரு தபா நின்னாலும் சாவி என் கைக்கு வரணும். சாயந்தரமே ஆள் வந்து இட்டுகினு பூடுவான். அம்மா சாட்சி."

வேண்டா, என் மனைவி, பொய் சொல்ல மாட்டாள். அதுதான் சிக்கல். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். கார் போனால் எனக்கு பஸ்தான். பஸ்ஸில் உட்கார்ந்தால் நிற்கிறவர்கள் எல்லாரும் என் மடியில் பையை வைக்கிறார்கள். எவன் பையில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். செங்கல்பட்டு வரை வண்டி நிற்கவில்லை. சாமி இரண்டு அண்டா, கரண்டிகள், ஒரு எண்ணெய் டின்னோடு வாசலில் நின்றிருந்தார். பாத்திரங்களை மேலே கட்டும்போது பக்கத்தில் ஒரு ஆட்டோக்காரன் சும்மா நின்றான். சும்மா எதற்கு நிற்கிறான்? மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டியது. அணுபுரத்துக்கு இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர். நெற்றி வியர்வையைத் துடைக்கலாம் என்று கையை எடுத்தேன். வண்டி இரண்டு தடவை உதறியது. நின்றது.

"நின்னுபோச்சி" என்றாள் வேண்டா, மணி என்ன என்று சொல்வது போல.

நிற்கவில்லை, பெட்ரோல் பார்ப்பதற்காக நான்தான் நிறுத்தினேன் என்றேன்.

"நீ நிறுத்தல. அதுவா நின்னுச்சி. நான் பின்னாடி குந்திகினுதான கீறேன்."

இறங்கிப் பூட்டைத் திறந்து மூடியைப் பிடுங்கினேன். புஸ் என்று சத்தம் வந்தது. எப்போதும் வருகிற சத்தம்தான். சாமி பின்னாலேயே இறங்கி வந்தவர், அது என்ன சத்தம் என்று கேட்டார். காற்று வெளியே போகிறது என்றேன்.

"வெளில போகல ஓய். உள்ள இழுக்கறது. அந்த மூடிய இப்படிக் குடும்."

யாரிடமும் கொடுக்காத மூடி. சமையல்காரர்தானே, இவர் பெட்ரோலை எடுத்து என்ன செய்யப்போகிறார் என்று கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பசை பூசிய இடத்தை நகத்தால் சுரண்டினார். இது என்ன என்றார். ஓட்டை இருந்தது, அடைத்தேன் என்றேன். ஏன் என்றார்.

"வாசனை வந்துகினு இருந்துது சாமி. வாசனையும் பெட்ரோல்தான? அதுவும் டப்பு குடுத்து வாங்குனதுதான?"

சாமி கார் கதவைப் பிடித்துக்கொண்டார். தொப்பை குலுங்கியது. சத்தமே இல்லாமல் ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் சீட்டில் இருந்த எண்ணெய் டின்னைக் காட்டினார்.

"இதுல ஒரு மூலைல மட்டும் ஓட்டை போட்டுக் கவுத்தா என்ன ஆகும்?"

கொஞ்சம் கொட்டும், அப்புறம் மடக் மடக் என்று நின்று நின்று வரும் என்றேன்.

"நன்னா வரணும்னா?"

"எதிர் மூலைல இன்னொரு ஓட்டை போடணும். காத்து உள்ள..." என்று ஆரம்பித்தவன் அங்கேயே வாயை மூடிக்கொண்டேன்.

வேண்டா வாயை மூடிக்கொள்ளவில்லை. எட்டு வயதிலேயே தனக்கு அது தெரியும் என்றாள். எஞ்சின் பெட்ரோலை இழுக்க இழுக்க, எடுத்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், போக வழியில்லாமல் நான் கழுத்தை நெரித்து வைத்திருக்கிறேன் என்றார் சாமி. மூடியைத் திறந்தால் மூச்சு வாங்கி மறுபடி ஓடுகிறது. மெக்கானிக்குகளிடம் நிற்காததற்கும் என் குச்சிதான் காரணம், அதை விட மூடியைத் திறக்கும்போதே டேங்க் காற்று வாங்கியிருக்கும். பையிலிருந்து கோணி ஊசியை எடுத்தார். பசையைக் குத்தி எடுத்தார். டியூபிலும் ஒரு துளை போட்டார்.

வண்டி கிளம்பியது. அணுபுரம் வந்தது. நான் வண்டியை ஊருக்குள் திருப்பவில்லை.

என்ன இது என்றார் சாமி. ஐந்தாறு கிலோமீட்டர் என்றால் எந்த நிலையிலும் ஓடும், இருபது தாண்டாமல் எப்படி நம்புவது என்றேன். புதுப்பட்டினம் போய் கடற்கரை ரோட்டில் ஏறி வடக்கே விட்டேன். பருப்பு வேக வேண்டும் என்று சாமி மூன்று தடவை சொன்னார். காய் நறுக்கக்கூட ஆள் வைக்கவில்லையே என்று பெருமாளிடம் முறையிட்டார். வேண்டா முறுக்கு எடுத்துத் தின்ன ஆரம்பித்தாள். மாமல்லபுரம் வரை போய், வண்டியை நிறுத்தாமலே திருப்பி, வந்த வழியே வந்தேன். முப்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு உதறல் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. மகள் வாசலில் நின்றிருந்தாள். கூடத்தில் அக்கம்பக்கத்தார் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நின்றதா என்று அம்மாவைக் கேட்டாள். ஒரு தடவை நின்றது என்றாள் வேண்டா. மகள் கையை நீட்டினாள். சாவியை வைத்தேன். வேறு வழியில்லை.

"ஏன் மாமா நின்னுச்சி?" என்றார் மருமகன். பம்ப், வால்வு என்று ஆலையில் நாள் முழுக்கக் குடைகிற மனிதர். காரணம் தெரியாமல் விடமாட்டார்.

சாமி வாயைத் திறக்கப்போனார். நான் முறைத்தேன். பழைய வண்டி, வயதாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஆனால் சாயந்தரம் காயலான் கடைக்காரன் கயிற்றோடு வந்துவிடுவான். வண்டி நல்ல வண்டி என்று சொன்னால், அப்புறம் யார்தான் சரியில்லை என்று கேட்பார்கள். டம்ளர்கள் எல்லாம் பாதி வழியில் நின்றன.

"வண்டி மேல தப்பு இல்ல மாப்ள" என்றேன்.

"அப்ப யார் மேல?" என்றாள் மகள்.

வேண்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"என் மேல" என்று முணுமுணுத்தேன்.

"கேக்கல நைனா."

"என் மேலதான் தப்பு. நான்தான் ஓட்டைய அடைச்சேன். போதுமா?"

வேண்டா மகள் கையிலிருந்து சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

"வண்டி அதும்பாட்டுக்கு இருக்கட்டும்டி. நாப்பத்தாறு வருசத்துல இன்னிக்கிதான் இந்த வார்த்த அந்த வாயில இருந்து வந்துச்சி."

சாப்பாடு பன்னிரண்டுக்குப் பதிலாக இரண்டு மணிக்குப் போட்டார்கள். சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்று யாரோ சொன்னார்கள். அவர் மேல் தப்பு என்று நாலு பேர் சேர்ந்து என்னைக் காட்டினார்கள். பாயசத்தில் இனிப்பு குறைவு, அதுவும் என் மேல். மோர் தீர்ந்துபோனது, அதுவும். நான் இலையை மடித்துவிட்டு எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டேன்.